மூணு சனிக்கிழமையா வராத ஃப்ரெண்டும் நாஸ் பிக்கி சண்டையும்

கேள்வி: அண்ணா வணக்கம். நாங்க நாலு பேரு கோயம்புத்தூர்ல ஒண்ணா இன்ஜினியரிங் படிச்சோம். மூணு பேரு பீளமேட்டுல ரூம் எடுத்து இருக்கோம், ஒருத்தன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான், சனிக்கிழமை ஆனா பஸ் ஏறி வந்துருவான். மொட்ட மாடில ஸ்பீக்கர் வச்சு விடிய விடிய ஹிப்ஹாப் கேப்போம். யாரு பெஸ்ட் ராப்பர்னு சண்டை எப்பவும் ஓடும். எனக்கு நாஸ், ஒருத்தனுக்கு ஜே-ஸீ, ஒருத்தனுக்கு கென்ட்ரிக் லமார், திருப்பூர்காரனுக்கு பிக்கி. போன மாசம் சண்டை முத்திப்போய் நான் ஒரு வார்த்தை விட்டுட்டேன். அவன் தமிழ் மீடியம். "அவன் என்ன பாடறான்னே உனக்கு பாதி புரியாது, நீ எதுக்குடா பெஸ்ட்டு பத்தி பேசற"ன்னுட்டேன். அன்னைக்கு நைட்டே க்ரூப்ல இருந்து லெஃப்ட் ஆயிட்டான், மூணு சனிக்கிழமையா வரல. நீங்க ராப் ரெக்கார்ட் பண்ற சவுண்ட் இன்ஜினியர், நீங்களே சொல்லுங்க, யாரு பெஸ்ட்டு? நீங்க சொன்னா நாலு பேரும் ஒத்துக்கறோம்.

பதில்:

தம்பி, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். முடிவுல யாரு பெஸ்ட்டுன்னு கேட்டிருக்கீங்க, ஆனா எனக்கு என்னமோ நடுவுல இருக்கற அந்த ஒரு லைன எழுதறதுக்காகத்தான் மொத்த லெட்டரையும் எழுதின மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க, ஏன்னா இந்த விஷயத்துல எனக்கும் ஒரு பழைய வலி இருக்கு.

மொதல்ல ஒண்ணு, சண்டை போட்டதுல தப்பே இல்ல. ஹிப்ஹாப்னு ஒண்ணு பொறந்ததே நீயா நானான்னு மோதறதுல தான். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்ஸ்ல செட்ஜ்விக் அவென்யூ 1520ங்கற அபார்ட்மென்ட்ல, ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடி தங்கச்சி சிண்டி வச்ச பார்ட்டில டிஜே கூல் ஹெர்க் ரெக்கார்ட் சுத்தற டர்ன்டேபிள் ரெண்டு வச்சு பாட்டோட டிரம்ஸ் மட்டும் வர்ற இடத்த திருப்பி திருப்பி நீட்டினாரு, அதுல ஆடினவங்களும் மைக் புடிச்சவங்களும் யாரு பெருசுன்னு மோதித்தான் இது வளந்துச்சு. 1986ல ரெண்டு ராப்பருங்க, பிராங்ஸ்காரரு கேஆர்எஸ்-ஒன்னும் அதே நியூயார்க்ல குயின்ஸ்பிரிட்ஜ்காரரு எம்சி ஷானும் போட்டுக்கிட்ட சண்டை தெரியும்ல, அதுல பாருங்க, ஷான் எங்க ஏரியால இது எப்படி ஆரம்பிச்சுச்சுன்னு தான் பாடினாரு, ஹிப்ஹாப்பே எங்க ஏரியால தான் பொறந்துச்சுன்னு சொல்றாருன்னு எதிர்த்தரப்பு எடுத்துக்கிச்சு, அங்க இருந்து பதிலுக்கு பதில் பாட்டு. ஒருத்தன் சொன்னது ஒண்ணு, இன்னொருத்தன் காதுல விழுந்தது வேற. உங்க மொட்ட மாடிலயும் இது தான் நடந்திருக்கு, அத பின்னாடி சொல்றேன்.

இப்ப அந்த லைனுக்கு வருவோம். "உனக்கு பாதி புரியாது."

நீங்க தலைல வச்சு கொண்டாடற நாஸ் எட்டாவதோட பள்ளிக்கூடத்த விட்டவரு தம்பி. குயின்ஸ்பிரிட்ஜ் ஹவுசிங்ல வளந்து, வீட்டுல இருந்த புக்கையும் அப்பா ஓலு தாரா வாசிச்ச ஜாஸையும் வச்சு தன்ன தானே வளத்துக்கிட்டு 20 வயசுல இல்மேட்டிக்னு ஒரு ஆல்பத்த 1994ல குடுத்தாரு. பள்ளிக்கூட இங்கிலீஷ அளவுகோலா வச்சா உங்காளே உள்ள வர முடியாது. ஜே-ஸீயும் ஹைஸ்கூல் முடிக்கல. இந்த மியூசிக்க உருவாக்கினவங்க எல்லாம் உங்க பேச்சு சரியில்ல, உங்க மொழி சரியில்லன்னு கேட்டு கேட்டு வளந்தவங்க. அவங்களுக்குள்ளயே அது இருந்துச்சு. 1995ல நியூயார்க்ல சோர்ஸ்ங்கற ஹிப்ஹாப் பத்திரிகை நடத்தின அவார்ட்ஸ்ல அட்லான்டா பசங்க அவுட்காஸ்ட்டுக்கு புது க்ரூப் அவார்ட் குடுத்தப்ப மொத்த ஹாலும் கத்தி அவமானப்படுத்துச்சு, தெக்கத்தி பசங்களுக்கு என்ன ராப்புன்னு. அந்த க்ரூப்ல ஒருத்தரான ஆன்ட்ரே 3000 மைக்க புடிச்சு, தெக்கத்திக்காரங்க கிட்டயும் சொல்றதுக்கு விஷயம் இருக்குன்னு ஒத்த வரில முடிச்சுட்டு எறங்கினாரு. ஒம்போது வருஷம் கழிச்சு 2004ல அதே அவுட்காஸ்ட் கிராமில ஆல்பம் ஆஃப் தி இயர் வாங்கினாங்க. உங்க ஃப்ரெண்டு அன்னைக்கு நைட்டே க்ரூப்ப விட்டு போயிட்டான்.

என் கதையும் இது தான். நானும் தமிழ் மீடியம், விழுப்புரம் பக்கம். 1999ல மெட்ராஸ் வந்த புதுசுல பர்மா பஜார்ல வாங்கின ஒரு கேசட்ல தான் பிக்கி குரல மொத மொதல்ல கேட்டேன். ஒரு வார்த்தை புரியல. ஆனா அந்த கேசட் தேயற வரைக்கும் கேட்டேன். எதுக்கு கேட்டேன்னு அப்ப கேட்டிருந்தா சொல்லத் தெரிஞ்சிருக்காது, இப்ப சொல்வேன், அந்த ஆளு குரல் தாளத்துல போய் உக்கார்ற இடம் ஒவ்வொரு தடவையும் எனக்கு புல்லரிச்சுச்சு. அப்புறம் ஒரு ஸ்டூடியோல அசிஸ்டென்ட்டா சேந்தேன், ஒரு ராப் செஷன் வந்துச்சு, ஆசையா போய் நின்னா அங்க இருந்த சீனியர் ஒருத்தரு எல்லார் முன்னாடியும் "உனக்கு இங்கிலீஷ் வராது, போய் கேபிள் சுத்து"ன்னாரு. கேபிள் சுத்தினேன். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் எந்த ராப் செஷன் பக்கமும் போகல. அவரு மோசமான மனுஷன் கிடையாது, வேற எத்தனையோ கத்துக்குடுத்தாரு, ஆனா 20 வருஷத்துக்கு மேல ஆயும் அந்த ரூம்ல லைட் எங்க இருந்துச்சுன்னு கூட எனக்கு ஞாபகம் இருக்கு. உங்க ஃப்ரெண்டுக்கும் அந்த மொட்ட மாடி இப்படித்தான் ஞாபகம் இருக்கும், நீங்க சீக்கிரம் போகலன்னா.

சரி, அவன் பிக்கி பத்தி என்ன சொல்லுவான்? லெட்டர்ல எழுதல நீங்க. நான் யூகிக்கறேன், வாய்ஸ் கனமா இருக்குடா, பீட்டுல அப்படியே உக்காருதுடா, டிரம்ஸ் மாதிரி இருக்குடான்னு இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பான், நீங்க எல்லாம் அது ஒரு பாயின்ட்டான்னு சிரிச்சிருப்பீங்க. இப்ப இத கேளுங்க. புரூக்ளின் கிளின்டன் ஹில்ல பிக்கி சின்ன பையனா இருந்தப்ப அதே ஏரியால டொனால்ட் ஹாரிசன்னு ஒரு ஜாஸ் சாக்ஸ் கலைஞர் குடியிருந்தாரு, நியூ ஆர்லியன்ஸ்காரரு. அவரு இந்த பையன வீட்டுக்கு கூப்பிட்டு ஜாஸ் போட்டு காட்டியிருக்காரு, மேக்ஸ் ரோச்சோட டிரம் சோலோவ கேக்க வச்சு, டிரம்மர் எப்படி அடுக்கறாரோ அப்படி நீ சொல்ல அடுக்குன்னு பழக்கியிருக்காரு, ஒவ்வொரு எழுத்தையும் தெளிவா உச்சரிக்க வச்சிருக்காரு. ஹாரிசனே இத வெளில சொல்லியிருக்காரு. அதாவது பிக்கி குரல்ல டிரம்ஸ் கேக்குதுன்னு சொல்றவன் காது சரியா கேக்குது. வார்த்தைய புடிச்சுக்கிட்டு தொங்கின உங்களுக்கு கேக்காம போனது அவனுக்கு கேட்டிருக்கு. அவனுக்கு பாதி புரியலன்னீங்கல்ல, உங்களுக்கும் இன்னொரு பாதி போயிருக்கு தம்பி, மனசு நோகணும்னு சொல்லல, நெஜமாவே அப்படித்தான்.

நம்பிக்கை வரலன்னா ஒண்ணு பண்ணி பாருங்க. பிக்கியோட ஒரு வெர்ஸ், நம்ம சரணம் மாதிரி, எடுங்க, 16 பார், ஒரு பார்னா நாலு தட்டு. 90 பிபிஎம் பீட்டுன்னா, அதாவது நிமிஷத்துக்கு 90 தட்டுன்னா, அது 43 செகண்ட் தான், டீ ஆர்டர் பண்ற நேரம். தொடைல தட்டி ஒண்ணு ரெண்டு மூணு நாலு எண்ணுங்க, ரெண்டுலயும் நாலுலயும் ஸ்னேர், அந்த சுள்ளுன்னு அடிக்கற டிரம், விழும். இப்ப வார்த்தைய மறந்துடுங்க, நம்மூர்ல மெட்டுக்கு தத்தகாரம் போடற மாதிரி அந்த வெர்ஸ தான தந்தன தானான்னு சொல்லி பாருங்க. எந்த அசை ஸ்னேர் மேல விழுது, எது அதுக்கு நூலிழை பின்னாடி விழுது, எங்க மூச்சு எடுக்கறாருன்னு மட்டும் கவனிங்க. நான் இங்க ஸ்கிரீன்ல ராப் வோக்கல் எடிட் பண்றப்ப நாள் பூரா பாக்கறது இத தான். புதுசா வர்ற பசங்க குரல வேவ்ஃபார்மா பாத்தா ஒண்ணு எல்லா சொல்லும் கட்டம் போட்ட மாதிரி பீட்டு மேலயே நிக்கும், இல்ல அங்கயும் இங்கயும் சிதறிக் கெடக்கும். பீட்டுக்கு கொஞ்சம் பின்னாடி சாஞ்சு உக்காந்துக்கிட்டு, கடைசி வரைக்கும் அதே சாய்மானத்துல போயி, பார் முடியற எடத்துல கரெக்டா கால ஊணி நிக்கறது லட்சத்துல ஒருத்தருக்கு தான் வரும். பிக்கிக்கு அது பேச்சு மாதிரி வந்துச்சு. அதுவும் பல தடவ பேப்பர்ல எழுதாம, மனசுக்குள்ளயே கட்டிட்டு போய் மைக் முன்னாடி நின்னு.

இன்னொண்ணும் சொல்லணும், இது என் சொந்த எண்ணம். தமிழ்ல எதுகைங்கறது அடிக்கு முன்னாடி வரும், ரெண்டாவது எழுத்து ஒத்துப்போகும், மோனை அதுக்கும் முன்னாடி. சின்ன வயசுல குறள் ஒப்பிச்சு வளந்தவன் காது வரியோட எந்த மூலைல சத்தம் திரும்பி வந்தாலும் புடிச்சுக்கும். இங்கிலீஷ் பாட்டுல பெரும்பாலும் கடைசி வார்த்தை தான் ஒத்துப்போகும், ராப்பும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு. 1986-87ல ரக்கிம்ங்கற ராப்பர் வந்து தான் வரிக்கு நடுவுல, அடுத்த வரி தொடக்கத்துலன்னு சத்தத்த அடுக்க ஆரம்பிச்சு அத மொத்தமா மாத்தினாரு. அவரும் சாக்ஸ் வாசிச்சவரு தான், ஜாஸ் சாக்ஸ் கலைஞர் கோல்ட்ரேனோட வெறியர். அவர் போட்ட ரோட்டுல தான் நாஸ் நடந்தாரு, பிக்கி நடந்தாரு, உங்க நாலு பேரோட ஆளுங்களும் நடந்தாங்க. தமிழ் மீடியம் காது அதுக்கு குறைச்சல் இல்ல, பல சமயம் ஒரு படி மேல.

இனி நீங்க நாலு பேரும் ஏன் பேசி முடிக்க முடியல. நீங்க நாஸ எதுக்கு சொல்றீங்க? படம் மாதிரி காட்டறாரு, ஜன்னல் வழியா தெருவ பாக்கற மாதிரி இருக்கு, ஒரு வார்த்தை வீண் இல்ல. இதெல்லாம் எழுத்து. நீங்க எழுத்த கேக்கறீங்க. ஜே-ஸீ ஃப்ரெண்டு கேக்கறது ஆயுசு. ஒரு கம்பெனியும் கையெழுத்து வாங்கலன்னு கூட்டாளிங்களோட சொந்தமா லேபிள் ஆரம்பிச்சு 1996ல மொத ஆல்பம், 2017லயும் உக்காந்து கேக்கற மாதிரி ஒரு ஆல்பம், நடுவுல எத்தனை பேரு வந்து எத்தனை பேரு காணாம போனாங்க, அந்த கணக்க அவன் பாக்கறான். கென்ட்ரிக் ஃப்ரெண்டுக்கு ஒரு ஆல்பம் முழுசா ஒரு கதை மாதிரி, ஒரு நாடகம் மாதிரி நிக்கணும், கென்ட்ரிக் ஒரே பாட்டுல மூணு நாலு குரல்ல வருவாரு, மைக் முன்னாடி அது எவ்ளோ கஷ்டம்னு எனக்கு தெரியும், 2018ல அமெரிக்காவோட பெரிய பரிசான புலிட்சர் குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி கிளாசிக்கல் ஜாஸ் தவிர வேற யாருக்கும் அந்த மியூசிக் பரிச குடுத்ததில்ல. திருப்பூர்காரன் குரலையும் தாளத்தையும் கேக்கறான். நாலு பேரும் நாலு கேள்விக்கு பதில் சொல்லிட்டு இருக்கீங்க, ஆனா வாயில வர்றது பெஸ்ட்டுங்கற ஒரே வார்த்தை. ஒருத்தன் பிரியாணில அரிசி நல்லாருக்குங்கறான், இன்னொருத்தன் கறி வேகலங்கறான், ரெண்டு பேரும் மத்தவனுக்கு நாக்கே இல்லங்கறான். ஷான் சண்டை மாதிரியே தான்.

அப்புறம் உங்க லிஸ்ட்ல எனக்கு ஒரு குறை. பொண்ணுங்க ஒருத்தர் கூட இல்ல. 1998ல லாரின் ஹில் ஒரே ஒரு சோலோ ஸ்டூடியோ ஆல்பம் போட்டாங்க, அடுத்த வருஷம் கிராமில ஆல்பம் ஆஃப் தி இயர், ஹிப்ஹாப்ல இருந்து அத வாங்கின மொத ஆல்பம் அது தான். பாடவும் செய்வாங்க, ராப்பும் செய்வாங்க, ரெண்டுலயும் நிப்பாங்க. பீட்டு போட்டவங்க பேரும் இல்ல. நாஸோட ஆல்பத்துல டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் பிரொஃபஸர், க்யூ-டிப்னு வேலை செஞ்சவங்க லிஸ்ட்ட பாருங்க. அந்த காலத்துல பீட் ராக் மாதிரி ஆளுங்க வச்சிருந்த எஸ்பி-1200ங்கற மெஷின்ல மொத்தமே 10 செகண்ட் தான் சத்தம் ஏத்த முடியும், அதனால நிமிஷத்துக்கு 33 சுத்துல ஓட வேண்டிய ரெக்கார்ட 45ல வேகமா ஓட்டி உள்ள ஏத்திட்டு திரும்ப மெதுவாக்குவாங்க, அந்த மங்கலான கரகரப்பு வந்ததே அப்படி எடத்த மிச்சம் புடிச்சதால தான். இல்மேட்டிக் காலத்து சத்தம்னு நீங்க உருகறதுல பாதி அது. எழுத்த மட்டும் கேக்கறதா சொல்றீங்க, ஆனா உங்கள உள்ள இழுத்ததும் சத்தம் தான்.

இப்ப என் பதில். நீங்க கேட்டீங்க, மழுப்ப மாட்டேன். நாலு பேருல எனக்கு பிக்கி. 24 வயசுல 1997 மார்ச் 9 லாஸ் ஏஞ்சலஸ்ல சுட்டுக் கொன்னுட்டாங்க, உயிரோட இருக்கறப்ப வந்தது ஒரு ஆல்பம், செத்து 16 நாள் கழிச்சு ரெண்டாவது. அவ்ளோ தான் வச்சிருக்காருன்னு ஜே-ஸீ ஃப்ரெண்டு சொல்வான், அது நியாயமான பேச்சு தான், எனக்கு அதுக்கு முழுசா பதில் கிடையாது. ஒரு மைக் முன்னாடி ஒரு குரல், அந்த குரல் தாளத்தோட என்ன பண்ணுதுங்கறது தான் என் தொழில், அதனால என் காது அங்க தான் போய் நிக்கும். ஒரு ஆல்பம் தான் கைல எடுத்துட்டு போகலாம்னா உங்க இல்மேட்டிக்க தான் எடுப்பேன், அதுல ஒரு பாட்டு ஆரம்பிக்கறப்ப நாஸ் எப்படி தொடங்கறதுன்னே தெரியலன்னு முணுமுணுக்கறது அப்படியே பதிவாயிருக்கும், அடுத்த செகண்ட்ல இருந்து நிக்காம போவாரு, ஒரு இன்ஜினியரா அந்த எடத்த எத்தனை தடவ கேட்டாலும் எனக்கு தொண்டை அடைக்கும்.

ஆனா ஒரு விஷயம், நான் பிக்கின்னு சொன்னத ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க ஃப்ரெண்டுக்கு அனுப்பாதீங்க. தயவு செஞ்சு. "அண்ணாவே சொல்லிட்டாரு, நீ ஜெயிச்சுட்ட, வாடா"ன்னு அனுப்பினா அவன் காதுக்கு இன்னொரு பெரிய மனுஷன் சர்டிஃபிகேட் குடுக்கணும்னு ஆயிடும். அவனுக்கு தேவை அது இல்ல. க்ரூப்ல திரும்ப ஆட் பண்றதும் வேணாம், அங்க மத்த ரெண்டு பேரும் பாத்துட்டு இருக்காங்க. "ஜாலிக்கு சொன்னேன்டா"ன்னும் சொல்லிடாதீங்க, ஜாலிக்கு சொல்லலன்னு உங்களுக்கும் தெரியும் அவனுக்கும் தெரியும், வாதத்துல தோக்கற நேரத்துல கைக்கு கெடச்ச கல்ல எடுத்து அடிச்சீங்க, அந்த கல்லு காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து எத்தனையோ பேரு அவன் மேல எறிஞ்சது. கிளாஸ்ல இங்கிலீஷ்ல பதில் சொல்ல எந்திரிக்கறப்ப, இன்டர்வியூல, எல்லா எடத்துலயும். அதுல இருந்து தப்பிச்சு வர்ற ஒரே எடமா உங்க மொட்ட மாடி இருந்திருக்கலாம், வாரா வாரம் 50 கிலோமீட்டர் பஸ்ல வந்திருக்கான்ல.

நாஸும் ஜே-ஸீயும் 2001ல ஒருத்தர ஒருத்தர் பாட்டுல கிழிச்சாங்க, நாஸோட குழந்தையோட அம்மா வரைக்கும் போச்சு, ஜே-ஸீ ஒரு எல்லைய தாண்டினப்ப ஜே-ஸீயோட அம்மாவே சொல்லி அவர மன்னிப்பு கேக்க வச்சாங்க, ரேடியோல கேட்டாரு. 2005ல ஜே-ஸீ தன்னோட கச்சேரி மேடைக்கு நாஸ கூப்பிட்டாரு, அடுத்த வருஷமே ஒரே பாட்டுல சேந்து பாடினாங்க. யாரு ஜெயிச்சாங்கன்னு ஊரு இன்னும் அடிச்சுக்குது, அவங்க ரெண்டு பேரும் எப்பவோ முடிச்சுட்டாங்க. பிக்கிக்கும் இன்னொரு ராப்பர் டூபாக்குக்கும் அந்த வாய்ப்பு கெடைக்கல. அவங்களும் மொதல்ல நெருங்கின ஃப்ரெண்ட்ஸ் தான், 1994 நவம்பர்ல டூபாக்க ஒரு ஸ்டூடியோ லாபில சுட்டப்புறம் வந்த சந்தேகத்துல பிரிஞ்சாங்க, 1996 செப்டம்பர்ல டூபாக்கும் சுடப்பட்டு செத்தாரு, ஆறு மாசத்துல பிக்கியும். உக்காந்து பேசவே இல்ல.

நீங்க இந்த சனிக்கிழமை அவன் வருவானான்னு காத்திருக்காதீங்க, நீங்க திருப்பூர் போங்க. தனியா போங்க. கம்பெனி வாசல்ல ஷிஃப்ட் முடியற நேரத்துல போய் நிக்காம முன்னாடியே போன் பண்ணி சொல்லிட்டு போங்க, அவன் எடுக்கலன்னா ரெண்டே வரில மெசேஜ் போடுங்க, "நான் சொன்னது தப்பு. நாளைக்கு வர்றேன், உன்ன பாக்கணும்." அவ்ளோ தான், காரணம் விளக்கம் எதுவும் வேணாம். பாத்ததும் மன்னிப்ப மொதல்ல கேட்டுடுங்க, டீ குடிச்சுட்டு கடைசில பாத்துக்கலாம்னு தள்ளாதீங்க, தள்ளினா வாய் வராது. அவன் கோவப்பட்டா கேளுங்க, குறுக்க பேசாதீங்க. மூணு வாரமா சேத்து வச்சிருப்பான்.

அப்புறம் ஒரு வேளை அவன் முகம் கொஞ்சம் எளகினா, பிக்கியோட ஒரு பாட்ட போட சொல்லுங்க, நீங்க செலக்ட் பண்ணாதீங்க, அவனுக்கு புடிச்சத அவன் போடட்டும். "நீ என்ன கேக்கறன்னு எனக்கு காட்டு"ன்னு சொல்லுங்க. எங்க விரல் தானா ஆடுதுன்னு அவன் காட்டுவான், அங்க நீங்களும் தட்டி பாருங்க. ரெண்டாவது தடவ போடறப்ப அவனுக்கு வேணும்னா, அவன் கேட்டா மட்டும், அந்த வரி என்ன சொல்லுதுன்னு நீங்க சொல்லலாம்.

ஸ்பீக்கர மறக்காம எடுத்துட்டு போங்க தம்பி, போன்ல போட்டா அந்த பேஸ் கேக்காது.